இரண்டு கவுண்டர்களுக்கு நடுவில்

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியவர்களுக்கு அந்த அருவியைத் தெரியும். அங்கிருந்து இறங்கும் ஆயர் தெர்ஜுன் ஆறும் ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் ஆறும் கூடி ஜார்ஜ்டவுனுக்குள் ஓடிக் கடலில் விழுகிறது சுங்கை பினாங். ஆற்றின் பெயர்தான் வட்டாரத்துக்கும். அங்கே ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் என் சித்தப்பா தம் கடைசிப் பதினேழு ஆண்டுகளைக் கழித்தார். இருபத்து மூன்று வயதில் அவருக்கு மனச்சிதைவு நோய் வந்தது. குடி எப்போது வந்தது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஐம்பத்திரண்டாம் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாரடைப்பில் போனார். கடைசி ஐந்து ஆண்டுகளில் அவர் எடை முப்பது கிலோ கூடியிருந்தது. இனிப்பு நீரும் இருந்தது.

சித்தி அவரை அழைத்துக்கொண்டு அலைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனநலப் பிரிவுக் கவுண்டரில், "மொதல்ல தண்ணிய நிறுத்தச் சொல்லுங்கம்மா, அப்பறம்தான் மருந்து வேலை செய்யும்" என்றார்கள். குடியை நிறுத்த உதவும் இல்லம் ஒன்றுக்குப் போனால், "மனநோய் மாத்திரை சாப்பிடறவங்களை நாங்க சேர்க்கறதில்ல, ஏதாச்சும் ஆயிட்டா யாரு பொறுப்பு?" என்றார்கள். இனிப்பு நீர் கிளினிக்கில் சோற்றைக் குறைக்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். எந்த இடங்கள் என்று எழுதப் போவதில்லை. அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் மேசைக்கு வந்த நோயை மட்டும் பார்த்தார்கள். சித்தப்பாவின் உடம்பில் மூன்றும் ஒன்றாக இருந்தன.

உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் கண்டுபிடிக்கப்பட்ட ஊசி மருந்துகள் குடியின் மீதான வேட்கையையும் குறைக்குமா என்று உலகெங்கும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நான் ஒன்றை மட்டும் தேடுகிறேன். அந்தச் சோதனைகளில் சித்தப்பாவைப் போன்ற ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்களா?

மருந்தின் கதை குடலில் தொடங்குகிறது. நாம் சாப்பிட்டதும் குடலின் சில செல்கள் ஜிஎல்பி-1 என்ற சுரப்பு நீரை ரத்தத்தில் விடுகின்றன. அது கணையத்துக்கு இன்சுலினைச் சுரக்கச் சொல்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதமாக்குகிறது, மூளைக்குப் 'போதும்' என்று தெரிவிக்கிறது. ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் அதில் பாதி சிதைந்துவிடும். அவ்வளவு குறைந்த ஆயுள் உள்ள ஒன்றை மருந்தாக்க முடியாது. 1992-இல் நியூயார்க்கில் ஜான் எங் என்ற மருத்துவர், அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் கீலா என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் இதே வேலையைச் செய்யும், ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருளைக் கண்டெடுத்தார். அதிலிருந்து பிறந்த எக்செனடைட் 2005-இல் அமெரிக்காவில் நீரிழிவு மருந்தாக அனுமதி பெற்றது. அதன் பின் லிராகுளுடைட், 2017-இல் செமாகுளுடைட். செமாகுளுடைட் உடம்பில் ஒரு வாரம் தங்குவதால் வாரம் ஒரு ஊசி போதும். இன்று ஒசெம்பிக் என்ற பெயரில் பினாங்கு காப்பிக்கடைகளில்கூடப் பேசப்படுவது இதுதான்.

ஜிஎல்பி-1 பற்றும் இடங்கள் குடலிலும் கணையத்திலும் மட்டும் இல்லை, மூளையிலும் உண்டு. பசியை ஆளும் பகுதிகளோடு, இன்பத்தையும் எதிர்பார்ப்பையும் ஆளும் பகுதிகளிலும் அவை இருக்கின்றன. முதல் மடக்கு இறங்குமுன்பே, பாட்டிலைப் பார்த்த மாத்திரத்தில் மனம் எழுந்து நிற்கிறதே, அந்த வேலை நடக்கும் பாதை அது. சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் யெர்லாக்கின் குழு, இந்த மருந்து பெற்ற எலிகள் சாராயம் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதைப் பத்தாண்டுக்கு முன்பே காட்டியது. கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸில் சாராயத்துக்குப் பழகிய பச்சைக் குரங்குகளிலும் அதே போக்கு தெரிந்தது. சர்க்கரைக்காக ஊசி போட்டுக்கொண்ட மனிதர்களும் தங்கள் மருத்துவர்களிடம், "இப்பல்லாம் பீர் குடிக்கணும்னு தோணவே மாட்டேங்குது" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இத்தகைய பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. நம்பிக்கையும் பல நேரம் மருந்தாக வேலை செய்யும். குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று ஊசி, யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாமல் மருத்துவருக்கும் தெரியாமல் சோதித்தால்தான் உண்மை புலப்படும்.

அப்படி நடந்த முதல் பெரிய சோதனை டென்மார்க்கின் கோபன்ஹேகனில். 2022-இல் வெளியான அதில் 127 பேர், 26 வாரம், வாரம் ஒரு எக்செனடைட் ஊசி. எல்லாருக்கும் ஆலோசனைச் சிகிச்சையும் உண்டு. முடிவு ஏமாற்றம்தான். மருந்து பெற்றவர்களும் குடியைக் குறைத்தார்கள், வெற்று ஊசி பெற்றவர்களும் குறைத்தார்கள், இருவருக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தென்பட்டன. மதுவின் படங்களைக் காட்டியபோது, மருந்து பெற்றவர்களின் மூளையில் வேட்கைப் பகுதியின் துடிப்பு அடங்கியிருந்தது. உடல்நிறைக் குறியெண் 30-க்கு மேல் உள்ளவர்களில் மிகையாகக் குடித்த நாட்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. ஒல்லியானவர்களிடமோ மருந்தைவிட வெற்று ஊசியே நன்றாக இருந்தது. பிறகு பிரித்துப் பார்த்த சிறு பிரிவுகள் என்பதால் இதை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. என்றாலும் மறக்கக் கூடாத செய்தி.

2025-இல் அமெரிக்காவில் ஹெண்டர்ஷாட் குழு செமாகுளுடைடைச் சோதித்தது. 48 பேர், ஒன்பது வாரம், குறைந்த அளவு மருந்து. ஆய்வுக்கூடத்தில் விரும்பிய அளவு குடிக்க விட்டு அளந்தபோது, மருந்து பெற்றவர்கள் குறைவாகக் குடித்தார்கள். குடிக்கும் நாளில் குடிக்கும் அளவு குறைந்தது, வேட்கையும் குறைந்தது. குடித்த நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. தினமும் கடைக்குப் போகிறவர் தினமும் போனார், ஆனால் மூன்றாவது குவளையில் எழுந்துவிட்டார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். குடிகாரர் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மூன்றாவது குவளைக்கும் ஆறாவது குவளைக்கும் உள்ள தூரம் எவ்வளவென்று தெரியும்.

சுவீடன் நாட்டுப் பதிவேடுகளிலிருந்தும் ஒரு பெரிய கணக்கு 2024-இல் வந்தது. குடிநோய் உள்ள 2,27,866 பேர். அதே மனிதர் செமாகுளுடைட் எடுத்த காலத்தையும் எடுக்காத காலத்தையும் ஒப்பிட்டார்கள். எடுத்த காலத்தில் குடியால் மருத்துவமனையில் சேர நேர்ந்த வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இது சோதனை இல்லை, கவனிப்பு மட்டுமே. ஒழுங்காக ஊசி போடப் போகிற காலத்தில் ஒருவர் மற்ற வகையிலும் ஒழுங்காக இருந்திருக்கலாம்.

கோபன்ஹேகன் சோதனையில் யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்ற விதிகளைப் படித்தேன். கடுமையான மனநோய் உள்ளவர்கள் விலக்கு. மனச்சிதைவு என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. சித்தி நின்ற அந்தக் கவுண்டர் எனக்கு நினைவுக்கு வந்தது.

விலக்குவதற்கு அவர்களிடம் காரணம் இருக்கிறது. முதல் சோதனையில் கலப்பு இருக்கக் கூடாது, நோயாளியின் பாதுகாப்பு முக்கியம், ஒப்புதல் தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சோதனையாகப் பார்த்தால் நியாயம்தான். எல்லாச் சோதனைகளும் அதே விதியை வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? குடி மருந்துகளின் நூல் முழுவதும் மனச்சிதைவு இல்லாதவர்களின் உடம்பில் எழுதப்பட்டதாகிவிடும். அமெரிக்காவில் 1990-இல் வெளியான மக்கள்தொகை ஆய்வு, மனச்சிதைவு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு காலத்திலாவது குடிநோய் இருந்ததாகக் கண்டது. மூன்றில் ஒருவரை ஓர் ஓரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஏன் இவ்வளவு பேர்? குரல்களை அடக்கக் குடிக்கிறார்கள் என்பது பழைய விளக்கம். சித்தப்பாவும் அப்படித்தான் சொல்வார், "கொஞ்சம் போட்டா சத்தம் தூரமாப் போவுது." அமெரிக்க மருத்துவர் ஆலன் கிரீன் வேறொன்று சொன்னார். இந்த நோயில் மூளையின் இன்பப் பாதையே பழுதுபட்டிருக்கிறது, அன்றாடச் சிறு மகிழ்ச்சிகள் அங்கே பதிவதில்லை, மதுவும் சிகரெட்டும் அந்தப் பாதையைச் சற்று நேரம் உலுக்கி எழுப்புகின்றன என்பது அவர் கருத்து. இதற்கு ஒரு மறைமுகச் சான்றும் உண்டு. ராபர்ட் டிரேக்கும் கிரீனும் மற்றவர்களும் நியூ ஹாம்ப்ஷயரில் மனச்சிதைவோடு குடியோ போதையோ சேர்ந்த 151 பேரை மூன்றாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். குளோசபைன் என்ற மனச்சிதைவு மருந்தை எடுத்த 36 பேரில் குடிநோய் இருந்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் அதிலிருந்து மீண்டிருந்தார்கள். எடுக்காதவர்களில் மூன்றில் ஒருவர்தான். மனநோய்க்கான மருந்தே குடியையும் தளர்த்தியது போலத் தெரிந்தது. குலுக்கல் இல்லாத ஆய்வு, ஆனாலும் வழிகாட்டியது.

குடிக்கென்று உள்ள பழைய மருந்துகளோ இந்த நோயாளிகளுக்குப் பாதி உதவி, பாதி உபத்திரவம். குடித்தால் வாந்தி வரவைக்கும் டைசல்ஃபிராம், டோப்பமைன் என்ற மூளை வேதிப்பொருள் நோரட்ரினலினாக மாறுவதைத் தடுக்கிறது. டோப்பமைன் தேங்கினால் மனச்சிதைவு கிளர்ந்துவிடலாம். நால்ட்ரெக்சோன் பரவாயில்லை. 2004-இல் இஸ்மீன் பெட்ராகிஸ் குழு மனச்சிதைவும் குடியும் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் குடித்த நாட்கள் குறைந்தன. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 31 பேர்தான். இருபது ஆண்டுக்கு முந்தைய அந்த 31 பேரை இன்னும் மேற்கோள் காட்ட வேண்டியிருப்பதே நிலைமையைச் சொல்கிறது.

குளோசபைனுக்கும் ஓலன்சபைனுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைச் சுங்கை பினாங்கின் மாடிப்படிகளில் மூச்சு வாங்கி நிற்கும் உடம்புகளில் பார்க்கலாம். இவை மனச்சிதைவுக்கு வலுவான மருந்துகள். அதே நேரம் பசியின் கட்டுப்பாட்டைக் குலைத்துவிடும். "தட்டு காலியாவுது, வயிறு நிறையல" என்பார் சித்தப்பா. இரவு இரண்டு மணிக்குக் குளிர்பெட்டியைத் திறந்து மீந்த சோற்றைத் தின்பார். சித்தி அதைப் பேராசை என்று திட்டினார். மாத்திரை செய்த வேலை அது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 ஆண்டு குறைவாக வாழ்கிறார்கள். தற்கொலை ஒரு காரணம். அதைவிடப் பெரும் பங்கு இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நுரையீரலுக்கும்.

மலேசிய இந்தியர் உடம்பில் இந்தச் சுமை ஏற்கெனவே இருக்கும் சுமைமேல் ஏறுகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. அதாவது மாத்திரையே இல்லாமல் மூன்றில் ஒருவருக்கு நெருக்கம்.

இந்தப் பக்கத்தில் நல்ல செய்தி இருக்கிறது. 2017-இல், மறுபடியும் டென்மார்க்கில், குளோசபைனோ ஓலன்சபைனோ எடுத்துக்கொண்டு நீரிழிவின் வாசலில் நின்ற 103 பேருக்கு லிராகுளுடைடைச் சோதித்தார்கள். 16 வாரத்தில் மருந்து பெற்றவர்களில் 63.8 விழுக்காட்டினரின் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியது. வெற்று ஊசி பெற்றவர்களில் 16 விழுக்காடுதான். எடை சராசரியாக 5.3 கிலோ அதிகம் இறங்கியது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் டான் சிஸ்கிண்ட் குழு குளோசபைன் எடுக்கும் 28 பேரிடம் எக்செனடைடைச் சோதித்து அதே திசையில் முடிவு கண்டது. பின்னர் செமாகுளுடைடும் இத்தகைய நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, சர்க்கரையும் எடையும் இறங்குவது உறுதியானது. மனநோயைக் கிளறிவிடும் என்ற பயத்துக்கு அவற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை. தற்கொலை எண்ணம் தூண்டப்படுகிறதா என்ற கேள்வியை ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்புக் குழு தனியாக ஆராய்ந்து, இந்த மருந்துகளே காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை என்று 2024 ஏப்ரலில் முடித்தது.

ஆக, ஒரு பக்கம் குடிநோயாளிகளிடம் சோதனை, மனச்சிதைவு உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. மறுபக்கம் மனச்சிதைவு உள்ளவர்களிடம் சோதனை, எடையையும் சர்க்கரையையும் அளந்தார்கள், குடி முதன்மைக் கேள்வியாக இல்லை. என் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. இரண்டு நோயும் உள்ளவருக்கு இந்த ஊசியைக் கொடுக்க எடையும் சர்க்கரையுமே போதிய காரணம். குடியை அளப்பது அதன்மேல் ஒரு கூடுதல் கேள்வி மட்டும்தான். குடி குறையாவிட்டாலும் அவர் இதயம் பிழைக்கக்கூடும். தோற்றாலும் நோயாளிக்கு லாபம் மிஞ்சக்கூடிய சோதனை மருத்துவத்தில் எப்போதாவதுதான் வாய்க்கிறது. அப்படிப்பட்ட ஒன்றில் முதலில் சேர்க்க வேண்டியவரைக் கடைசியில் நிறுத்துவது எனக்குப் புரியவில்லை.

இதை எங்கே செய்வது? பினாங்கு தகுதியற்ற இடம் இல்லை. சுங்கை பினாங்கிலிருந்து பெரியாஸ்பத்திரி எட்டிய தூரம். அங்கே மனநலப் பிரிவும் ஆய்வு மையமும் இருக்கின்றன. நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்கு 5 வெள்ளிதான். தீவின் கிழக்குக் கரையில் மிண்டனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் பல பத்தாண்டுகளாகப் போதையை ஆராய்கிறது, கெத்தும் இலை ஆய்வில் உலகறிந்த இடம். கடுமையான அடிமைநோய்ச் சோதனையை மலேசியாவில் நடத்த முடியும் என்பதற்கு மூவார் நகரமே சாட்சி. ஹெரோயினுக்கு அடிமையான 126 பேரிடம் அங்கே நடந்த சோதனை 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பியூப்ரினார்ஃபின் என்ற மருந்து தெளிவாகச் சிறந்தது என்று இடையிலேயே தெரிந்ததால், ஆள் சேர்ப்பதைத் திட்டத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். ஹெரோயினுக்கு அந்த அக்கறை இருந்தது. எச்ஐவி பரவும் பயம் அதற்குப் பின்னால் இருந்தது. குடிக்கு அந்த அவசரம் இதுவரை வந்ததில்லை.

குடியை ஒரு சமூகக் கேடாக எதிர்த்த பாரம்பரியம் இங்கே தமிழர்களிடம் வலுவானது. தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் வளர்ந்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மலிவுச் சாராயமான சம்சுவுக்கு எதிராகப் பல பத்தாண்டுகள் தமிழிலும் பிரசாரம் செய்தது. அந்தப் போராட்டங்களின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 2018-இல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மது முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது அவர்கள் எச்சரித்தது எவ்வளவு சரி என்று தெரிந்தது. ஆனால் மேடைகளில் குடி ஒழுக்கக் கேடாகவே பேசப்பட்டுப் பேசப்பட்டு, அது ஒரு நோய், அதற்கு மருந்தும் உண்டு என்ற பேச்சு நம் வீடுகளுக்குள் வரவே இல்லை. மனநோய்க்கோ இன்னும் மோசம். 1911-இல் பேராக்கில் தொடங்கிய மருத்துவமனை இருக்கும் ஊர்ப் பெயரான தஞ்சோங் ரம்புத்தான், நம்மிடையே ஒரு வசவாகவே நிலைத்துவிட்டது. இதற்கு மாறாக, சென்னையில் 1984-இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவியபோது, குடும்பத்தையும் சிகிச்சையின் பங்காளியாகச் சேர்த்தார். இங்கேயும் சோதனை நடக்குமானால் சித்தி போன்றவர்களை அந்த இடத்தில்தான் உட்கார வைக்க வேண்டும்.

கோபன்ஹேகன் சோதனையை அப்படியே இறக்குமதி செய்யவும் முடியாது. அங்கே பருமன் என்றால் குறியெண் 30. ஆசிய உடம்பு அதற்கு முன்பே கொழுப்பை வயிற்றுக்குள் சேர்த்துவிடுவதால் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் ஆசியர்களுக்கு 27.5-ஐயே உயர் ஆபத்தின் எல்லையாகக் குறித்தது. ஒல்லியானவர்களுக்கு இந்த ஊசி உதவாமல் போகலாம் என்ற கோபன்ஹேகன் குறிப்பு இங்கே கூர்மையாகிறது. எந்த எல்லைக்குக் கீழே ஒல்லி? நெடுநாள் குடிகாரர் பலர் சோற்றை மறந்து சம்சுவிலேயே வாழ்கிறவர்கள், எலும்பும் தோலுமாக இருப்பார்கள். அவர்களுக்குப் பசியைக் குறைக்கும் மருந்து ஆபத்து. குடியால் தயாமின் என்ற உயிர்ச்சத்து ஏற்கெனவே குறைந்திருக்கும். ஊசியால் குமட்டலும் வாந்தியும் சேர்ந்தால் மூளை பாதிக்கப்படலாம். சாராயமே கணையத்தை அழற்றும். இந்த மருந்துகளின் எச்சரிக்கைகளிலும் கணைய அழற்சி இருக்கிறது. குளோசபைன் குடலை மந்தமாக்கி, சில சமயம் உயிரையே பறிக்கும் மலச்சிக்கலை உண்டாக்கும். இரைப்பையைத் தாமதப்படுத்தும் இன்னொரு மருந்தை அதோடு சேர்க்கும்போது, "வெளிக்கு ஒழுங்காப் போவுதா?" என்ற கேள்வியை ஒவ்வொரு வாரமும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அவமானமாக நினைத்து நோயாளி தானாகச் சொல்ல மாட்டார்.

எவ்வளவு குடித்தார் என்பதையும் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிக் கணக்கிட முடியாது. சம்சு பாட்டிலை அளவோடு நினைவு வைத்துக்கொள்வது யாருக்கும் கடினம், நினைவாற்றல் தேய்ந்த நோயாளிக்கு இன்னும் கடினம். மது குடித்த பிறகு ரத்தத்தின் சிவப்பணுச் சுவரில் உருவாகிச் சில வாரங்கள் தங்கும் பாஸ்ஃபடிடைல் எத்தனால் என்ற பொருளை அளந்தால் ஓரளவு உண்மை தெரியும். அதைத் தண்டிக்கும் கருவியாக ஆக்கிவிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள்.

வாராந்திர ஊசி ஒரு வகையில் இந்த மனிதர்களுக்குப் பொருத்தம் என்று தோன்றுகிறது. மனச்சிதைவு உள்ள பலர் மாத்திரையை மறப்பதால் மாத ஊசிக்கு வருகிறார்கள். மெந்தாரி எனப்படும் சமூக மனநல மையங்களும் சமூகத் தாதியரும் அவர்களைத் தேடிப் போகும் பழக்கம் இருக்கிறது. வாரம் ஒரு முறை தாதி நான்காம் மாடிக்கு ஏறி வந்து ஊசி போட்டு, எடை பார்த்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனால், அந்தப் பேச்சே குடியைக் குறைக்கக்கூடும். கோபன்ஹேகனில் வெற்று ஊசி பெற்றவர்களும் குடியைக் குறைத்ததை நான் தோல்வி என்று படிப்பதில்லை. யாரோ தொடர்ந்து விசாரித்தார்கள் என்பதன் பலனாகவும் அது இருக்கலாம். அதனால்தான் வெற்று ஊசிக் குழு கட்டாயம் வேண்டும். எவ்வளவு மருந்தால், எவ்வளவு விசாரிப்பால் என்று பிரித்துக் காட்ட வேறு வழியில்லை.

விலை பற்றிய பேச்சு வராமல் இருக்காது. செமாகுளுடைட் இன்று வசதியுள்ளவர்கள் இடுப்பைக் குறைக்க வாங்கும் மருந்தாக இருக்கிறது. ஆனால் 2025 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்துகளை நீரிழிவோடு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, பருமனும் உள்ளவர்களுக்காக அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் செமாகுளுடைடின் காப்புரிமைக்குக் கெடு 2026 மார்ச். மலிவுப் பதிப்புகள் பெருகும்போது, இரண்டு நோயும் உள்ளவரின் குடியை இது குறைக்குமா என்ற கேள்விக்கு விடை தயாராக இருக்க வேண்டும். மருந்து மலிவாகி வந்தபின் சோதனையைத் தொடங்கினால் இன்னும் ஐந்தாறு ஆண்டு போய்விடும். அதுவரை பழைய மெட்ஃபார்மின் இருக்கிறது. மனச்சிதைவு மருந்துகளால் ஏறும் எடையை அது ஓரளவு தடுக்கும் என்று சீன ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில காசுக்குக் கிடைக்கிறது. ஆனால் மிகையாகக் குடிப்பவருக்கு அதையும் கவனித்துத்தான் கொடுக்க வேண்டும், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. சித்தப்பாவுக்கு அதையாவது யாராவது நேரத்தோடு எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று இன்றும் நினைப்பேன்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாகப் படுவது ஒப்புதல் படிவம். மனச்சிதைவு இருந்தால் முடிவெடுக்கும் திறன் போய்விட்டது என்று பொருளில்லை. பெரும்பாலோர் நிதானமாக, திரும்பத் திரும்ப விளக்கினால் புரிந்துகொண்டு சொந்தமாக முடிவு செய்கிறார்கள். ஆனால் குலுக்கல் சோதனையின் உயிரான வாக்கியம் ஒன்று உண்டு. "உங்களுக்குப் போடும் ஊசியில் மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது." தன்னைச் சுற்றி ஏதோ மறைக்கப்படுகிறது என்று பல ஆண்டு நம்பி வாழ்ந்த ஒருவரிடம் போய் இந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் காதில் அது எப்படி விழும்? மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியதை அவசரமாகத் தமிழாக்கிய தாள், 'ரகசியம்', 'கண்காணிப்பு' போன்ற சொற்களை எவ்வளவு எளிதாக உள்ளே விட்டுவிடும்?

இதைப் பற்றிச் சித்தியிடம் ஒரு முறை பேசினேன். அவருக்கு இப்போது எழுபது. அதே நான்காம் மாடி. சித்தப்பா இருந்திருந்தால் இதை எப்படிச் சொல்லிப் புரிய வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு போத்தல்ல தண்ணி நிரப்பி, ஒண்ணுல உப்பு போட்டு, அவரு கண்ணு முன்னாடியே மூடியிருப்பேன். அப்பறம் அவரையே கலைச்சு வைக்கச் சொல்லியிருப்பேன். இப்ப எதுல உப்புன்னு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது, ஒளிச்சு வைக்கல, கலைஞ்சிருச்சு, அவ்வளவுதான்னு சொல்லியிருப்பேன். ஒத்துக்குவாரு. அவரு கையால கலைச்சா ஒத்துக்குவாரு."